ஊரில் அப்பா, வியாசர்பாடியில் நாம்: விவசாய வீடுகளில் மன உளைச்சல், தற்கொலை ஆபத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடுங்கையூரில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் கூடுவோம். எல்லோரும் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கத்திலிருந்து வந்தவர்கள். மணலி கண்டெய்னர் யார்டு, கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட், செங்குன்றம் அரிசி மண்டி என்று வேலை பார்க்கிறோம். குடியிருப்பது வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, தண்டையார்பேட்டை. ஆரம்பத்தில் சீட்டுப் பணமும் கோயில் வரியும் பேசத்தான் கூடினோம். என் சித்தப்பா தன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஒவ்வொருவராக வந்து, “எங்கப்பாவும் இப்படித்தான் பேசுறாரு, என்ன செய்யறது?” என்று தனியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, யார்டில் கேட் பாஸ் போடுகிறவன். மருத்துவம் சம்பந்தப்பட்ட பதில்களை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன்.

இப்போதே பயமாக இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது?

மீதியை அப்புறம் படிக்கலாம். 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் மனநல ஆலோசனை உண்டு. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்னேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஆபத்தில் இருப்பவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. அவருடைய மகனோ மருமகளோ அழைத்து, என்ன பேசுவது என்று கேட்கலாம்.

எதையாவது குடித்துவிட்டார் என்று தெரிந்தால் 108. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுக்கும் பழக்கம் ஊரில் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். பாட்டிலையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், டாக்டருக்கு அதுதான் முதல் தகவல்.

விவசாயி தற்கொலை என்றால் கடன்தானே காரணம்?

செய்தியில் அப்படித்தான் வரும். ஒரே வரியில் முடித்துவிட வசதியான காரணம் அது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியாவில் வேளாண்மையைச் சார்ந்து வாழ்ந்த 11,290 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அதில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்தவர்கள் 5,207 பேர். விவசாயக் கூலிகள் 6,083 பேர். கூலிக்காரர்கள்தான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இவர்களுக்குப் பயிர்க் கடனும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, பயிர்க் காப்பீடும் இல்லை. நடவு நடக்காத வருடத்தில் அவர்கள் வீட்டு உலை எப்படிக் கொதித்தது என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் அந்த வருடம் வேளாண் துறையில் 728 பேர்.

என் சித்தப்பாவுக்குக் கடன் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கடனோடு அவர் பதினோரு வருடம் வாழ்ந்திருக்கிறார். அந்த வருடம் சம்பா கதிர் சாய்ந்தது. தங்கைக்குப் பார்த்த இடம் தட்டிப் போனது. முழங்கால் வலியால் வயலில் இறங்க முடியவில்லை. ஒரு கல்யாணப் பந்தலில், கடன் கொடுத்தவர் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். குடி கூடியது. தூக்கம் போனது. இதில் எது காரணம் என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்? எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றது. இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கடனைத் தீர்க்க வசதியில்லை என்பதற்காக நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தூக்கத்துக்கு வழி செய்திருக்கலாம், முழங்காலுக்கு வைத்தியம் பார்த்திருக்கலாம். அடுக்கில் ஏதாவது ஒன்றையாவது உருவியிருக்கலாம்.

நான் இங்கே, அவர் அங்கே. போனிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்கலாம், கேட்கிற விதத்தில் கேட்டால். நம் போன் பேச்சு எல்லாம், “சாப்டியா? சாப்டேன். அம்மா எங்க? கொல்லையில. சரி வெச்சிடறேன்” என்பதோடு முடிகிறது. நாற்பது விநாடி. இதில் என்ன தெரியும்?

வயலைப் பற்றிக் கேளுங்கள். தண்ணி வந்ததா, எத்தனை மூட்டை யூரியா போட்டீர்கள், பக்கத்து வயல்காரர் என்ன ரகம் போட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்கு வழக்கமாகப் பத்து நிமிடம் பேசுகிறவர், “அது கெடக்கு போ” என்று ஒரே சொல்லில் முடித்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஞாயிறு கூட்டத்தில் பலர் சொன்னது இதுதான்: மழையைத் திட்டுகிற அப்பாவைப் பற்றிப் பயமில்லை, மழையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்ட அப்பாவைப் பற்றித்தான் பயம்.

அப்புறம் சில வார்த்தைகள் இருக்கின்றன. “நான் இருந்து என்ன ஆவப்போவுது.” “என்னால உங்களுக்குத்தான் பாரம்.” “நான் போயிட்டா கணக்கு எல்லாம் தீர்ந்துடும்.” இவற்றை வயசானவர்கள் எப்போதும் சொல்கிற புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். புலம்பலாகவே இருக்கட்டும், கேட்டுவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. பாரம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால் அன்றைக்கே விசாரிக்க வேண்டும்.

செயலிலும் தெரியும். பத்திரத்தை எடுத்து அம்மாவிடம் கொடுப்பது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று திடீரென்று எழுதி வைப்பது, ஆசையாக வளர்த்த மாட்டைக் காரணமே இல்லாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது, நெடுநாள் பேசாத தங்கை வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவது. பல வாரம் வாடிக் கிடந்தவர் ஒரு நாள் சட்டென்று அமைதியாகிவிட்டால், ‘அப்பாடா, தேறிட்டாரு’ என்று நினைக்காதீர்கள். முடிவெடுத்துவிட்ட அமைதியாகவும் அது இருக்கலாம். சித்தப்பா கடைசி வாரத்தில் எனக்குப் போன் செய்து, அரைமணி நேரம் சிரித்துப் பேசினார். நான் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நேராகவே கேட்டுவிடலாமா? இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டால்?

எங்கள் கூட்டத்தில் இதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. டாக்டர் சொன்ன பதில் தெளிவானது: கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. மனசுக்குள் அதை வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பவருக்கு, ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆறுதல்.

கேட்கும் விதம்தான் முக்கியம். “அந்த மாதிரி கிறுக்குத்தனமா எதுவும் நினைக்கலியே?” என்று கேட்டால், “சேச்சே” என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்? பதிலையும் நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். “ஏம்ப்பா, செத்துப் போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதா?” என்று குரலை உயர்த்தாமல் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மறுமுனையில் சத்தமே வராது. அந்த அமைதியைத் தாங்குவதுதான் கஷ்டம். அதை நிரப்புவதற்காக, “அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதுப்பா, எங்களைப் பாருங்க, பேரப்புள்ளையப் பாருங்க” என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும்.

“தோணுது” என்று சொல்லிவிட்டால்? சண்டை போடாதீர்கள், அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்போது தோன்றுகிறது, எதையாவது யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அன்றிரவு அவர் தனியாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு அடுத்தபடியாகத் தெருவில் இரண்டு பேரின் எண்ணாவது உங்கள் போனில் இருக்க வேண்டும். எதிர்வீட்டு அண்ணன், டீக்கடைக்காரர், ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர், யாராக இருந்தாலும் சரி. இன்றைக்கே வாங்கி வையுங்கள்.

வீட்டில் பூச்சிமருந்து பாட்டில் இருக்கிறது. அதை ஒளித்து வைத்தால் போதுமா? மனசு வைத்தவர் வேறு வழி தேட மாட்டாரா?

தேட மாட்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. முதலில் எனக்கே நம்ப முடியவில்லை. செத்துவிட வேண்டும் என்ற அந்த வேகம் பல பேருக்குச் சில மணி நேரம், சில சமயம் சில நிமிடம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் வேகம் தணிந்துவிடுகிறது. இலங்கையில் 1980-களில் தொடங்கி, கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அங்கே தற்கொலைச் சாவு மொத்தமாகவே 70 சதவீதம் குறைந்தது. 1995-லிருந்து 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் தப்பியதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விளைச்சலும் விழுந்துவிடவில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில், வங்கி லாக்கர் மாதிரி ஊருக்குப் பொதுவாக ஓர் இடத்தில் பெட்டிகள் வைத்தார்கள். ஒவ்வொரு விவசாயியும் தன் மருந்தைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், அடிக்கிற அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்னேகாவின் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு இருந்தவர்களும் செய்தது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள்.

எங்கள் வீட்டில் மருந்து எங்கே இருந்தது தெரியுமா? சமையல்கட்டுப் பரணில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், அரைப் பாட்டில். மிச்சம் வந்ததை அடுத்த போகத்துக்கு ஆகும் என்று அம்மா எடுத்து வைத்திருந்தது. போன தீபாவளிக்குப் போனபோது ஒரு தகரப் பெட்டி வாங்கி, எல்லாவற்றையும் போட்டு மோட்டார் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டினேன். சாவி பெரியப்பா வீட்டில். “புள்ளைங்க எடுத்துடப் போவுதுங்க” என்று காரணம் சொன்னேன். அப்பா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். இப்போது உரக்கடையில் அந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் சின்னப் பாட்டிலாக வாங்குகிறார். மிச்சமே வருவதில்லை.

எந்த மாதங்களில் அதிகக் கவனம் வேண்டும்?

இது எங்கள் காவிரி டெல்டாக்காரர்களின் அனுபவம், புள்ளிவிவரம் இல்லை. நவம்பர், டிசம்பர்: இளம் பயிர் தண்ணீரில் மூழ்கும் காலம், வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தாலே போன் செய்துவிடுவோம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தென்னை மறுபடி காய்க்க வருடக்கணக்கில் ஆகும். அந்த ஊர்க்காரர்கள் புயலன்று அழவில்லை, பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, மூன்றாவது நான்காவது மாதத்தில்தான் உடைந்தார்கள். நாமும் அந்த முதல் வாரம்தான் போன் போன் என்று அடிக்கிறோம்.

ஜனவரி, பிப்ரவரி அறுவடை. வெளியே இருப்பவர்களுக்கு அது பொங்கல். உள்ளே இருப்பவர்களுக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே காவல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மழை தூறினால் தார்ப்பாயை இழுத்து மூடுவதும், வெயில் அடித்தால் பிரித்துக் காயவைப்பதுமாக ஒரு வாரம், பத்து நாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அப்பா நெல் குவியலுக்குப் பக்கத்தில் கொசுவர்த்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் நைட் ஷிப்டில் இருப்பேன். எங்களுக்குள் நிஜமான பேச்சு நடந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா திறக்காதா என்பது அடுத்த இழுபறி. அதே மாதத்தில் பள்ளிக்கூட ஃபீஸ். 2017 மாதிரி வறட்சி வருடத்தில் எல்லா மாதமும் ஜூன்தான். அந்த ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது, ஞாபகம் இருக்கும்.

அம்மாவைப் பற்றி யாருமே கேட்பதில்லையே?

இதைக் கேட்டது எருக்கஞ்சேரியில் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா. கூட்டமே தலையைக் குனிந்துகொண்டது.

நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். நில உரிமைப் பதிவான சிட்டாவில் பேர் இல்லாததால் அவர்கள் ‘விவசாயி’ என்ற கணக்கிலேயே வருவதில்லை. மகளிர் குழுக் கடன் மட்டும் அவர்கள் பேரில். வாரத் தவணை அன்று ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் அவர் வாசலில் வந்து உட்காருவார்கள். கந்துவட்டிக்காரன் வந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். கேட்க வருவது பெரியம்மாவும் நாத்தனாரும் என்றால் எங்கே போவது? கணவனின் குடி, அடி எல்லாம் அதற்கு மேல். அம்மாவிடம் அப்பாவைப் பற்றி மட்டுமே விசாரித்து, அவரை ஒரு காவல்காரி ஆக்கிவிடுகிறோம். “உனக்கு எப்படிம்மா இருக்கு?” என்று தனியாக, ஸ்பீக்கரில் போடாமல் கேளுங்கள்.

கடனை என்ன செய்வது?

முதலில் காகிதத்தில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எதை ஈடு வைத்து. எங்கள் வீட்டில் எழுதிப் பார்த்தபோது அப்பா மனசில் இருந்த தொகையைவிட உண்மைத் தொகை குறைவாக இருந்தது. ராத்திரி தனியாகக் கூட்டிப் பார்க்கிற கணக்கு எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. வெளியில் மூன்று வட்டிக்கு வாங்குவதற்கு முன் அங்கே ஒரு தடவை போகச் சொல்லுங்கள். பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் வரும், நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவர்களுக்குத்தான் சிக்கல். யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் பேர் இல்லாவிட்டால் கடன், காப்பீடு, நிவாரணம் மூன்றும் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போகும். கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) சாகுபடி செய்பவர் பேரில் அடங்கல் வாங்க முடியுமா என்று கேளுங்கள். நிலத்துக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். சட்டம் கடனைக் கரைக்காது. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து ஒளிந்து திரிகிற அவமானம் இருக்கிறதே, கடனைவிட அதுதான் ஆளைத் தின்கிறது.

டாக்டரிடம் போகலாம் என்றால், “நான் என்ன பைத்தியமா?” என்கிறார்.

சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்னாலே சிரிக்கிறோம். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது, நம் அயனாவரத்துக்குப் பக்கம். தூக்கம் வராதவர்களும், காரணம் தெரியாமல் நெஞ்சு படபடக்கிறவர்களும் தினமும் வெளிநோயாளியாகப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வீடு திரும்புகிற இடம். நம் கிண்டல்தான் ஊர் வரைக்கும் போய் அப்பாவின் காலைக் கட்டிப்போடுகிறது.

அதனால் மனசு என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது”, “தலை பாரமா இருக்கு”, “சோறு இறங்கல” என்பார். தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க எந்த விவசாயியும் கூச்சப்படுவதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார்கள், குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். எந்தக் கிழமை என்று 104-ல் கேட்டுக்கொள்ளலாம். இங்கேயே அழைத்து வந்திருந்தால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஐந்தாம் நாளே, “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடுவார், எதிர்பாருங்கள். கொஞ்சம் தேறியதும் தானாக நிறுத்துவதும் கூடாது. மாத்திரையை அம்மா கையில் வைத்து, வேளைக்கு வேளை கொடுக்கச் சொல்லுங்கள்.

குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?

எல்லாம் ஆகாது, நிறைய ஆகும். யோசனைக்கும் செயலுக்கும் நடுவில் இருக்கிற தடுப்பைக் குடி எடுத்துவிடுகிறது. தூக்கம் வருவதற்காகக் குடிக்கிறேன் என்பார்கள், அதுவே மூன்று மணிக்கு எழுப்பிவிடும். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் டாக்டரைக் கேட்டுத்தான். குடித்திருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். காலையில் பேசுங்கள்.

ஒருவர் முயன்று பிழைத்துவிட்டார். போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருக்கிறார்கள்.

இந்தப் பயத்தில் உயிர் போயிருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தண்டனை கிடையாது. சிகிச்சை தருவது அரசின் கடமை. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல் சொல்வார்கள், ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் வாரங்கள்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, “ஏன் செஞ்சேன்னு மட்டும் கேக்காதீங்க” என்று சொல்லி உள்ளே விடுங்கள்.

நிலத்தை விற்றுவிட்டு இங்கே வந்துவிடச் சொல்லலாமா?

நான் சொன்னேன். அப்பா ஒன்றரை மாதம் வந்து வியாசர்பாடியில் இருந்தார். பத்துக்குப் பத்து அறை, மேலே தகரம். காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார், போவதற்கு இடமில்லை. மழை இருட்டினால் மொட்டைமாடிக்குப் போய்த் தெற்கே பார்த்துக்கொண்டு, “அங்க பேயுதான்னு கேளு” என்பார். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது பழைய பெயிண்ட் பக்கெட் மூன்றில் மண் நிரப்பி வெண்டை போட்டிருந்தார். ரயில்வே லைன் ஓரத்து மண். அதில் என்ன முளைக்கும் என்று சிரித்தேன். முளைத்தது.

எங்கள் தெருவில் பின்னி மில்லில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இருக்கிறார். அப்பாவோடு திண்ணையில் உட்காருவார். “1996-ல மில்ல மூடினப்போ, சங்கு ஊதாத காலையில என்ன செய்யறதுன்னே தெரியல” என்று அவர் சொல்ல, அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒருவன் நாற்பது வருடம் செய்த வேலையைப் பிடுங்கிவிட்டு ஓய்வு என்று பேர் வைத்தால் மனசு ஏற்காது. இரண்டு மாதம் இங்கே, மீதி அங்கே, பாதி நிலம் குத்தகைக்கு, மீதியில் அவர் இஷ்டத்துக்கு உளுந்து என்று இப்போது ஓடுகிறது. எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. முடிவை நாம் எடுத்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

நான்தான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே?

அனுப்புங்கள். ஆனால் ஜீபேயில் ‘டிங்’ என்று பணம் போய் விழுவது மட்டும் உறவாகிவிட்டால், பிள்ளை சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு இன்னும் கூடும். அவரிடமும் எதையாவது வாங்குங்கள். ஒரு மூட்டை அரிசி, தேங்காய், ஒரு யோசனை, எதுவாக இருந்தாலும்.

அப்பாவுக்கு இல்லை. எனக்கே அப்படித் தோன்றுகிறது.

இதைக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கலைந்த பிறகு மூலக்கடை சிக்னலில் பைக்கை நிறுத்தி ஒரு தம்பி கேட்டான். ஊர்க் கடனையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, ஆப்பில் கடன் வாங்கி அதை அடைத்துக்கொண்டிருந்தவன். சிக்னல் இரண்டு தடவை மாறியது, நாங்கள் நகரவில்லை.

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இன்றிரவு தனியாக இருக்காதீர்கள். யார் அறைக்காவது போய்ப் படுங்கள், காரணம் சொல்லக்கூட வேண்டாம். இல்லாவிட்டால் 14416-க்கு அடித்து, “பேச ஆள் வேணும்” என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். எடுக்கத் தாமதமானால் மறுபடி அடியுங்கள். இந்த எண்ணம் அலை மாதிரி ஏறும், இறங்கும். ஏறி நிற்கும்போது எந்த முடிவும் வேண்டாம். அந்தத் தம்பி அன்று எங்கள் வீட்டில்தான் படுத்தான். என் மனைவி ரசம் வைத்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் ஸ்டான்லிக்குப் போனோம். கடன் இன்னும் முடியவில்லை. போன மாதம் சீட்டு எடுத்திருக்கிறான்.

சாவு நடந்த வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது?

“எப்படிச் செஞ்சாரு?” என்று கேட்காதீர்கள். ஆம்பளை செய்கிற வேலையா, கோழை, பாவம் என்றெல்லாம் அந்த வாசலில் பேசாதீர்கள். போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்து விவரம் எழுதாதீர்கள், அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் அதைப் பார்ப்பார். இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். சித்தப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு வருடம் அவர் பேரையே யாரும் எடுக்கவில்லை. சித்தி அதைத்தான் பெரிய தண்டனையாகச் சொன்னார். காரியம் முடிந்த பதினாறாம் நாளுக்கு அப்புறம் வீடு காலியாகும், அப்போது போங்கள். பிள்ளைகளின் படிப்பு, பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு என்று ஓட ஓர் ஆள் தேவைப்படும்.

அடிக்கடி ஊருக்குப் போக முடியவில்லை. என்ன செய்யலாம்?

உண்மைதான். 2023 டிசம்பர் கடைசியில் பஸ் நிலையத்தைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு, வடசென்னைக்காரனுக்கு அங்கே போய்ச் சேருவதே ஒரு பயணம். எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் டிக்கெட் கிடைத்தால் யோகம்.

நாங்கள் முறை வைத்திருக்கிறோம். மாதத்தில் யாராவது ஒருவர் ஊருக்குப் போவார். போகிறவர் தன் வீட்டோடு இன்னும் நாலு வீட்டுக்கும் போய், திண்ணையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு வர வேண்டும். வந்து ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்: உங்கப்பா இளைச்சிருக்காரு, உங்கம்மா கண்ணு ஆபரேஷனத் தள்ளிப் போடுறாங்க, உங்க மோட்டார் கொட்டகைப் பூட்டு துருப்பிடிச்சிருக்கு, மாத்தணும். இந்த மாதம் என் முறை. பூட்டு வாங்கிவிட்டேன்.